ஒன்றுக்கு ஐம்பது

ஒரே காலையில், கையிலிருந்த டீ ஆறுவதற்குள், இரண்டரைக் கோடி உயிர்களைச் சாவிலிருந்து காப்பாற்றியவன் நான். அதுவும் மேலதிகாரி எழுத்தில் கொடுத்த உத்தரவை மீறி, விரலைக்கூட அசைக்காமல், வெறுமனே வாயை மூடிக்கொண்டு நின்று காப்பாற்றினேன். ஒரு பாராட்டுக் கடிதம்கூட வரவில்லை. காப்பாற்றப்பட்டவர்கள் எழுதவில்லை என்று அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. அத்தனை பேரும் ஆட்டு வயிற்றுப் புழுக்களும் அவற்றின் முட்டைகளும்.

நம்பாதவர்கள் வரிசையில் நிற்கலாம். முதல் இடம் என் மச்சானுக்கு. என் மனைவியின் அண்ணன். அப்போது எங்கள் கால்நடைத் துறையின் இணை இயக்குநர். யாரிடம் என்னை அறிமுகப்படுத்தினாலும் கூடவே ஒரு எச்சரிக்கை கொடுப்பார்: "இவர் எங்க மாப்பிள்ளை. எது சொன்னாலும் அம்பதால வகுத்துக்கோங்க."

அந்த ஐம்பது என் தொழிலில் இருந்து வந்தது. கால்நடை ஆஸ்பத்திரியின் பின்கட்டில், ஒரு ஜன்னல் கதவு மட்டும் எப்போதும் மூட முடியாத அறையில், முப்பத்தொரு வருஷம் புழு முட்டை எண்ணினேன். ஆட்டுப் புழுக்கை நாலு கிராம் நிறுத்து, உப்புக் கரைசலில் நசுக்கி, மொத்தம் அறுபது மில்லி ஆக்கி, டீ வடிகட்டியில் வடித்து, கட்டம் கீறிய ஸ்லைடில் நிரப்பினால், முட்டைகள் மிதந்து மேலே வரும். மைக்ராஸ்கோப்பில் கட்டத்துக்குள் கிடப்பதை எண்ண வேண்டும். ஒரு முட்டை கண்ணில் பட்டால் கிராமுக்கு ஐம்பது என்று எழுத வேண்டும். அளவுக் கணக்கு அப்படி. ஒன்றைப் பார்த்து ஐம்பது என்று முப்பத்தொரு வருஷம் எழுதிய கை இது. ஓய்வு பெற்ற மறுநாளே ஒன்றை ஒன்று என்று சொல்லச் சொன்னால் நாக்கு எப்படி வளையும்?

ஆட்டுச் சாணத்துக்குப் புழுக்கை என்று பெயர் வைத்தவர் யாரோ, மைக்ராஸ்கோப் இல்லாமலே உள்ளே இருப்பதைப் பார்த்திருக்கிறார் என்று நான் சொல்வதுண்டு. மொழிப் பண்டிதர்கள் சண்டைக்கு வரட்டும், பார்த்துக்கொள்கிறேன். இப்படிப் பேசியே ஆஸ்பத்திரியில் எனக்குப் 'புழுக்கையார்' என்ற பெயர் நிலைத்தது. மரியாதை விகுதி சேர்த்தது அவர்கள் பெருந்தன்மை.

நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருஷம் இருக்கும்போது, ஒரு நாள் மோட்டார்காரி என் மேஜைமேல் ஒரு டப்பாவை வைத்தாள். தண்ணீர் மோட்டாருக்கு வைண்டிங் கட்டும் கடை வைத்திருந்தவள். ஆண்கள் நாலு பேர் தூக்கும் மோட்டாரை ஒற்றைக் கையால் புரட்டுவாள் என்று நான் சொன்னால் மச்சான் வகுத்துவிடுவார். ஒருவர் தூக்கும் மோட்டாரை என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் பின்னால் நாற்பத்துமூன்று ஆடுகள். கடை அரைவயிறு, ஆடு அரைவயிறு என்று அந்த வீடு ஓடியது.

"மருந்து ஊத்தி பத்து நாள் ஆச்சு அண்ணே. இப்ப எப்படி இருக்குன்னு பாருங்க."

நான் அவளை நிமிர்ந்து பார்த்தேன். என் சர்வீஸில் மருந்து கொடுப்பதற்கு முன்னால் புழுக்கை கொண்டுவந்தவர்கள் ஆயிரம் பேர். கொடுத்த பிறகு மறுபடி கொண்டுவந்தவள் அவள் ஒருத்திதான்.

"எதுக்கும்மா இப்ப?"

"மோட்டாரை மாட்டிட்டு ஓடுதா இல்லையான்னு பார்க்காம ஆளை அனுப்புவோமா? என்ன அண்ணே கேள்வி இது."

எண்ணினேன். மருந்துக்கு முன்னால் இரண்டாயிரத்து நானூறு இருந்தது. இப்போது இரண்டாயிரத்து இருநூறு. மருந்து வேலை செய்திருந்தால் நூறுகூட இருக்கக் கூடாது. நான் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை எண்ணினேன். அதே நாற்பத்துநாலு முட்டைகள் அசையாமல் என்னைப் பார்த்தன.

இந்த முடிவு மேலே போனது. மேலே இருந்து மச்சானின் கையெழுத்தில் ஒரு குறிப்பு கீழே வந்தது: 'ஆடு வளர்ப்பவர் மருந்தைப் புகட்டவில்லை. கீழே கொட்டியிருக்கிறார்.'

மோட்டார்காரி அதை வாசித்தபோது நான் பக்கத்தில் இருந்தேன். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தேன். வலது கையை நீட்டிக் காட்டினாள். விரல் முட்டி நாலிலும் ஆட்டுப் பல் பட்ட காயம் வரிசையாக இருந்தது.

"கீழ கொட்டுறதுக்கு யாரு அண்ணே கடி வாங்குவா?"

அவள் ஆடுகளைப் பார்க்கப் போனேன். கீழ் இமையை விரலால் இழுத்து உட்புறத்தைப் பார்ப்பது எங்கள் வழக்கம். சிவப்பாக இருந்தால் ஆட்டின் உடம்பில் ரத்தம் இருக்கிறது. வெளுத்திருந்தால் புழு குடித்துவிட்டது. முப்பத்துநாலு ஆடுகளின் இமை நல்ல சிவப்பு. ஒன்பதின் இமை சுண்ணாம்பு அடித்த சுவர். அந்த ஒன்பதில் இரண்டுக்குத் தாடைக்குக் கீழே நீர் கட்டித் தொங்கியது.

"எல்லாம் ஒரே புல்லைத்தானே மேயுது? ஏன் ஒம்பதுக்கு மட்டும்?" என்றாள்.

"புழுவும் நம்மளை மாதிரிதான்மா. எல்லா வீட்டுக்கும் போகாது. இடம் கொடுக்கிற வீட்டுலயே போய் விழும். நூறு புழு இருந்தா எண்பது புழு இந்த ஒம்பதுக்குள்ளதான் இருக்கும்."

இதைச் சொல்லும்போது எனக்கு என் வீட்டு முன்னறை ஞாபகம் வந்தது. மச்சான் மாற்றலாகி எங்கள் ஊருக்கு வந்து, வேறு வீடு பார்க்கும்வரை என்று சொல்லி, பதினோரு மாதமாக அங்கேதான் படுத்திருந்தார். பாடப் புத்தகத்தில் ஒட்டுண்ணிக்கு இடம் கொடுக்கிற விலங்கை ஓம்புயிரி என்பார்கள். விருந்தோம்பலில் வருகிற அதே ஓம்புதல்தான். அந்தப் பதினோரு மாதத்தில் அந்தச் சொல்லின் முழு ஆழமும் எனக்குப் புரிந்தது.

அந்தப் புழுவைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. சிவப்பும் வெள்ளையும் கலந்து முறுக்கிய நூல்போல இருக்கும். சிவப்பு, அது குடித்த ரத்தம். வெள்ளை, அதைச் சுற்றிக்கொண்டிருக்கும் முட்டைப் பை. ஆட்டின் நாலாவது வயிற்றில் ஆயிரக்கணக்கில் தொங்கும். ஒரு பெண் புழு நாளைக்கு ஐயாயிரம் முட்டை போடும். முட்டை புழுக்கையோடு வெளியே விழுந்து, பொரிந்து, குட்டிப் புழு பனி ஈரத்தில் புல் நுனிவரை ஏறி உட்கார்ந்து, அடுத்த ஆட்டின் வாய்க்காகக் காத்திருக்கும். என் மனைவிக்கு நான் கொடுத்த ஒரே ஓவியப் பரிசு அந்தப் புழுவின் படம். இன்னும் அவள் அதை மாட்டவில்லை.

பழைய மேய்ச்சல் தரை மொட்டையாகியிருந்தது. மிஞ்சிய புல்லில் இலைக்கு ஒரு குட்டிப் புழு. ஊருக்கு வெளியே புதிதாக ஒரு தரையை வேலி போட்டு, இரண்டு மழைக்காலம் ஒரு ஆட்டையும் விடாமல் புல் வளர்த்து வைத்திருந்தார்கள். அதைத் திறக்கும் பொறுப்பு மச்சானுக்கு. அவர் போட்ட உத்தரவு இதுதான்: திங்கட்கிழமை காலை ஊரின் நானூற்றுப் பன்னிரண்டு ஆடுகளும் மோட்டார்காரி ஊற்றிய அதே வெள்ளை மருந்தை வாசலில் குடித்து, நெற்றியில் நீல மை வாங்கிக்கொண்டு, நேராக உள்ளே போக வேண்டும். மை இல்லாத ஆட்டுக்கு உள்ளே இடமில்லை. வாசலில் கட்ட 'புழு இல்லாப் புல்வெளி' என்று பெரிய துணியில் எழுதியும் வாங்கிவிட்டார்.

மோட்டார்காரிக்கு அந்தப் புல்வெளி போனால் ஆடும் போச்சு. மொட்டைத் தரையில் நாற்பத்துமூன்றை வைத்துக்கொண்டு அவள் ஒரு மாதம் தாக்குப் பிடிக்க முடியாது.

அன்று சாப்பாட்டில் நான் ஆரம்பித்தேன்.

"மச்சான், வெள்ளை மருந்து செத்துப்போச்சு. புழு அதைக் குடிச்சிட்டு ஏப்பம் விடுது."

"எத்தனை புழு ஏப்பம் விட்டுச்சு மாப்பிள்ளை? அம்பதா?"

"கிண்டல் பண்ணுங்க. அந்தம்மா ஆட்டுல எண்ணினேன். எல்லா ஆட்டுக்கும் அந்த மருந்தை ஊத்துனா, அதுக்குச் சாகிற புழு மட்டும் சாகும். சாகாததுதான் மிஞ்சும். மிஞ்சினதை அப்படியே கொண்டுபோய்ப் புதுப் புல்லுல விதைக்கிறீங்க. அப்புறம் அங்க பிறக்கிறது எல்லாமே மருந்துக்குச் சாகாத வம்சம்."

"அதுக்கு?"

"வெளுத்த ஆட்டுக்கு மட்டும் வேற மருந்து ஊத்துவோம். கிடங்குல மஞ்சள் மருந்து இருக்கு. அது இன்னும் கேட்குது. சிவந்த கண்ணுக்கெல்லாம் ஒண்ணுமே வேண்டாம். அதுங்க வயித்துல இருக்கிற கொஞ்சம் புழு அப்படியே இருக்கட்டும்."

மச்சான் கையைத் தட்டிலேயே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "புழுவை உயிரோட விடணும்கிறீங்க."

"ஆமா. மருந்துக்குச் சாகிற சாதாரணப் புழு கொஞ்சம் வெளிய இருக்கணும். அதுங்களும் இதுங்களும் கலந்து குட்டி போட்டாத்தான் மருந்துக்கு மரியாதை இருக்கும். பூண்டோட அழிக்கப் போனா, அழிக்க முடியாதது மட்டும்தான் மிஞ்சும் மச்சான்."

"அரசாங்கம் எனக்குச் சம்பளம் கொடுக்கிறது புழு வளர்க்கவா?"

பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி அண்ணனிடம் சொன்னாள்: "இவர் சொல்றதை அம்பதால வகுத்துத்தான் பார்த்தேன் அண்ணா. அப்பவும் மிச்சம் வருது."

தங்கையின் வார்த்தைக்காக மச்சான் அரைப்படி இறங்கினார். அந்த வெளுத்த ஒன்பதுக்கு மட்டும் வாசலில் நான் என் கையால் மஞ்சள் மருந்து கொடுக்கலாம். மற்ற முப்பத்துநாலும் எல்லோரையும்போல வெள்ளை மருந்து குடித்தே ஆக வேண்டும். "ஒண்ணு தப்பினாலும் நாற்பத்துமூணும் வெளியதான். அந்தம்மாகிட்ட சொல்லிடுங்க. கீழ கொட்டுற வேலையெல்லாம் என் முன்னால நடக்காது."

மறுநாள் நான் மோட்டார்காரியின் கடைக்குப் போய், ஆஸ்பத்திரி நீல மையில் ஒரு சின்ன டப்பா கொடுத்தேன். வாசலில் நானூறு ஆடு நெரியும்போது இமை பார்த்துக்கொண்டு நிற்க முடியாது. "எது எதுன்னு நீயே பார்த்து, முன்னாடியே குறி போட்டுக் கொண்டுவந்துரும்மா" என்றேன். அவள் ஒரு மோட்டாருக்குள் தலையை விட்டபடி, "சரி அண்ணே" என்றாள். இவ்வளவுதான் பேச்சு. இதில் என்ன தப்பு வந்துவிடப் போகிறது என்று நானும் வந்துவிட்டேன்.

திங்கட்கிழமை. வாசல் ஒரு ஆடு அகலம். ஒரு பக்கம் மருந்து புகட்ட இரண்டு பேர், அடுத்து மையும் பிரஷுமாக எங்கள் ஆஸ்பத்திரி உதவியாளர். வருஷக்கணக்காக ஆடுகளின் நெற்றியில் பூசிப் பூசித் தன் காது மடல்வரை மை ஏறியவர். 'நீலம்' என்று கூப்பிட்டால்தான் திரும்புவார். மச்சான் அந்தத் துணிக்கு அடியில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஓரத்தில் ஒரு ஸ்டூல் போட்டு, மஞ்சள் மருந்துப் பாட்டிலோடும் கையில் டீயோடும் ஒன்பது ஆடுகளுக்காகக் காத்திருந்தேன்.

மோட்டார்காரியின் மந்தை வந்தது. நெற்றியில் நீலத்தோடு முதல் ஆடு. இரண்டாவதிலும் நீலம். மூன்றாவதிலும்.

நீலம் ஒரு பார்வை பார்த்தார். மை இருந்தால் மருந்து குடித்தாச்சு என்று அர்த்தம். அவர் வாழ்நாளில் அதற்கு வேறு அர்த்தம் இருந்ததில்லை. "இதெல்லாம் ஆச்சுப்பா, விடு விடு" என்று புகட்டுகிறவர்களை விலக்கி, கையை வீசினார். ஆடுகள் என்னைக் கடந்து வெள்ளம்போல உள்ளே போயின. வாசலில் மை இல்லாத ஒன்பது ஆடுகள் மிஞ்சி நின்றன. ஒன்பதும் வெளுத்த கண்.

மோட்டார்காரி அவற்றை என்னிடம் ஓட்டிக்கொண்டு வந்தாள்.

"என்னம்மா, மாத்திக் குறி போட்டுட்டே?" என்றேன், குரலைத் தாழ்த்தி.

"மாத்தியா? இல்லையே. நல்லதுக்கு எல்லாம் குறி போட்டேன். கடையில அப்படித்தானே? நல்லா ஓடுற மோட்டார் மேல ஒரு கோடு போட்டுருவோம், யாரும் தெரியாம பிரிச்சுடக் கூடாதுன்னு. கோடு இல்லாததைத்தான் பிரிப்போம்."

நாங்கள் வேலை முடிந்ததற்குக் குறி போடுகிறவர்கள். அவள் தொட வேண்டாததற்குக் குறி போடுகிறவள். இந்த இரண்டு தொழிலும் ஒரே மையைத் தொட்டதில், முப்பத்துநாலு ஆடுகள் ஒரு சொட்டு மருந்தும் குடிக்காமல், நான் கெஞ்சியும் கிடைக்காத சலுகையோடு, 'புழு இல்லாப் புல்வெளி'க்குள் புழுவோடு மேய்ந்துகொண்டிருந்தன.

இப்போது நான் ஒரு குரல் கொடுத்திருக்க வேண்டும். "நீலம், அதையெல்லாம் திருப்பு" என்று மூன்று வார்த்தை. பேசியே ஊரைக் கெடுத்தவன் என்று பெயரெடுத்த நான், முப்பது வருஷத்தில் முதல்முறையாக வாயை மூடினேன். ஒரு வாய் டீ குடித்தேன். ஒன்பது ஆடுகளையும் பிடித்து மஞ்சள் மருந்து புகட்டினேன். மூன்றாவது ஆடு என் கட்டைவிரலைக் கடித்தது. மீதி டீயைக் குடித்தேன். இன்னும் சூடாக இருந்தது. இரண்டரைக் கோடி உயிர் என்று ஆரம்பத்தில் சொன்னது இந்த நேரத்தைத்தான். உள்ளபடி கணக்குப் போட்டால் அந்த முப்பத்துநாலு ஆடுகளின் புழு முட்டை நாளைக்கு ஐம்பது லட்சம்தான் வரும். மீதி என் சொந்தப் பங்களிப்பு.

பகல் பதினொரு மணிக்கு மச்சான் மருந்து கேனைத் தூக்கி ஆட்டிப் பார்த்தார். அவர் எதையும் ஐம்பதால் பெருக்காதவர், எதையும் அளந்து பார்க்கிறவர். அளவு ஜாடியில் ஊற்றினார்.

"முப்பத்துநாலு ஆட்டு மருந்து மிச்சம் இருக்கு."

நீலத்தின் முகம் நீலமே ஆனது. அந்த மனிதரின் தலையில் இது விழக் கூடாது என்று நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன்.

"அந்தம்மாவோட ஆடு. குறியில ஒரு குழப்பம். உள்ள போகும்போது நான் பார்த்துட்டுத்தான் இருந்தேன் மச்சான். நான்தான் நிறுத்தலை."

"ஆபீஸ்ல நான் மச்சான் இல்லை."

"சரி சார். நான்தான் நிறுத்தலை சார்."

மச்சானின் மூக்கு இரண்டு அங்குலம் நீண்டது. மோட்டார்காரியைப் பார்த்துத் திரும்பினார். "உள்ள போய் உன் ஆட்டையெல்லாம் பிரிச்சு வெளிய ஓட்டிட்டு வா."

உள்ளே நானூற்றுச் சொச்சம் ஆடுகள். எல்லா நெற்றியிலும் நீலம். மோட்டார்காரி வேலியில் கையை ஊன்றி நிதானமாகப் பார்த்தாள்.

"எல்லாம் ஒரே மாதிரி நெத்தியா இருக்கு சார். எதுன்னு தெரியலை."

"உன் ஆடு உனக்குத் தெரியாதா?"

"தெரியலையே சார்."

அந்த நேரம் பார்த்து ஒரு கிடா வேலிக்கு அந்தப் பக்கம் ஓடிவந்து, அவள் சட்டை நுனியைப் பிடித்து மெல்ல ஆரம்பித்தது.

"இது யாரோடது?" என்றார் மச்சான்.

"யாரோடதோ சார். நல்லாப் பழகுது."

வாசலில் நின்ற மற்ற ஆட்டுக்காரர்கள் சிரிப்பை அடக்க வானத்தைப் பார்த்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் வேலியைப் பிடித்திருந்த கையில் விரல்கள் வெளுத்திருந்தன. மை இல்லாமல் அங்கே நின்ற ஒன்பதையும், உள்ளே மேயும் முப்பத்துநாலையும் ஒரே வரி எழுதி மச்சான் வெளியே தள்ளிவிடலாம்.

அவர் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். நான் வேலி வாசலுக்குக் குறுக்கே போய் நின்றேன். ஐம்பத்தேழு வயது, மூட்டு வலி, கையில் காலி டீ கிளாஸ். அந்த நேரத்தில் என்னை யாராவது படம் எடுத்திருந்தால் கோட்டைக் கதவு என்றுதான் நினைத்திருப்பார்கள்.

"ஒரு ஆடு வெளிய வராது சார். எழுதுறதா இருந்தா முதல்ல என் பேரை எழுதுங்க. ஸ்பெல்லிங் தங்கச்சியைக் கேளுங்க."

"இது என்ன பிடிவாதம்?"

"எண்ணிப் பார்ப்போம். பதினாலு நாள் கொடுங்க."

மச்சான் யோசித்தார். அவர் மருந்தில் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. "சரி. பதினாலாம் நாள் எண்ணுவோம். இந்தம்மா ஆட்டால புல்வெளி கெட்டிருந்தா நாற்பத்துமூணும் வெளிய. அப்புறம் யாரும் என் முன்னால நிக்கக் கூடாது."

"என் ஆட்டை மட்டும் எண்ணினா போதாது சார்," என்றாள் மோட்டார்காரி. "எல்லார் ஆட்டையும் எண்ணணும். மருந்து குடிச்சதையும்."

"எண்ணுறேன்."

"நீங்களே எண்ணணும். புழுக்கையார் அண்ணன் எண்ணினா அம்பதால பெருக்கிட்டாருன்னு சொல்லுவீங்க."

பதினான்கு நாளும் என் வீட்டு முன்னறையும் சமையலறையும் பேசிக்கொள்ளவில்லை. மச்சான் என் தட்டுக்கு எதிரே உட்கார்ந்து சுவரைப் பார்த்துச் சாப்பிட்டார். ஆனால் சாப்பிட்டார். ஓம்புயிரியைக் கோபித்துக்கொண்டு எந்த ஒட்டுண்ணியும் பட்டினி கிடந்ததாகச் சரித்திரம் இல்லை.

பதினாலாம் நாள் காலை மச்சான் தன் கையால் ஆறு மந்தைகளின் புழுக்கையைச் சேகரித்தார். குனிந்து, பொறுக்கி, டப்பாவில் போட்டு, சீட்டு ஒட்டினார். மோட்டார்காரி தன் ஆடுகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு நிறுத்தினாள். எல்லா நெற்றியிலும் மை அப்படியே இருந்தும், அன்றைக்கு அவளுக்கு ஒன்றுகூட அடையாளம் தப்பவில்லை. மச்சான் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

என் ஆய்வுக்கூடத்தில் என் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். இருபது வருஷமாக மைக்ராஸ்கோப்பைத் தொடாத மனிதர். முதலில் தன் கண் இமை முடியையே எண்ணிக்கொண்டிருந்தார். ஸ்லைடு எடுத்துக் கொடுப்பதைத் தவிர எதையும் தொடக் கூடாது என்று எனக்கு உத்தரவு. மூடாத ஜன்னலுக்கு வெளியே மோட்டார்காரியும் இன்னும் நாலைந்து ஆட்டுக்காரர்களும் நின்றார்கள்.

முதல் ஸ்லைடு ஒரு லாரிக்காரரின் ஆடுகள். வெள்ளை மருந்தை அளவு பிசகாமல் குடித்தவை. மச்சான் உதடு அசைய எண்ணினார். முப்பத்தொன்பதில் நிறுத்தினார்.

"காத்துக் குமிழியா இருக்கும்."

"குமிழிக்கு ஓரம் கறுப்பாத் தடிச்சு இருக்கும் சார். உள்ள ஒண்ணும் இருக்காது. முட்டைக்குள்ள திராட்சைக் கொத்து மாதிரி தெரியும். பாருங்க."

பார்த்தார். வேறு ஸ்லைடு கேட்டார். நாற்பத்தொன்று. அடுத்த மந்தை முப்பத்தாறு. அதற்கடுத்தது நாற்பத்தைந்து. மற்ற இரண்டும் அதே கதை. அவர் கட்டைவிரலால் கைக்குட்டையைத் திருகினார். பெருக்கி எழுதாமல், கண்ணால் கண்டதை மட்டும் எழுதினார். அதே மந்தைகளுக்குப் போன மாதம் நான் எழுதி வைத்திருந்த எண்களை ஐம்பதால் வகுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். மருந்துக்கு முன்னும் பின்னும் பேச்சுக்குக்கூட வித்தியாசம் இல்லை. ஊரே மாதாமாதம் ஆட்டுக்குச் சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றியிருந்தால்கூட இதே பலன்தான்.

பிறகு மோட்டார்காரியின் ஒன்பது ஆடுகள், மஞ்சள் மருந்து குடித்தவை. கட்டம் காலி. இடது ஓரத்தில் ஒரே ஒரு முட்டை.

கடைசியாக, எதுவுமே குடிக்காத முப்பத்துநாலு. மச்சான் எண்ணினார். திரும்ப எண்ணினார். ஆறு முட்டை.

"இதுக்கு மருந்தே கொடுக்கலையே," என்றார், என்னிடம் இல்லை, மைக்ராஸ்கோப்பிடம்.

"அதுங்க உடம்பு புழுவை அதிகம் சேர விடாது சார். ஆடு ஒரு எல்லையில நிறுத்தி வைக்குது. புழுவும் அதுக்குள்ள இருந்துக்குது. ரெண்டுக்கும் ஒரு ஒப்பந்தம். நாமதான் நடுவுல புகுந்து மருந்தை வீணாக்கி, சாகாத புழுவை வளர்த்து வச்சோம். இப்பப் புல்லுல சாதாரணப் புழுன்னு ஒண்ணு விழுந்துட்டு இருக்குன்னா, அது இந்த முப்பத்துநாலுல இருந்துதான்."

மச்சான் எழுந்தார். நாற்காலி ஒரு சத்தம் போட்டது. எண்கள் எழுதிய காகிதத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டுக் கதவைத் திறந்து வெளியே போனார். நானும் பின்னால் போனேன். மோட்டார்காரி கைகளைக் கட்டிக்கொண்டு நேராக அவரைப் பார்த்தாள். ஒரு மணி நேரமாக அவள் உட்காரவில்லை என்று நீலம் பிறகு சொன்னார்.

"உன் ஆடு உள்ளயே மேயட்டும்," என்றார் மச்சான். "நாற்பத்துமூணும்."

அவள் தலையசைத்தாள். நகரவில்லை.

"இனிமே வெளுத்த ஆட்டுக்கு மட்டும் மருந்து. எல்லாருக்கும் அதுதான். கிடங்கைத் திறந்துவிடச் சொல்றேன்."

அப்போதும் அவள் நகரவில்லை. மச்சான் காகிதத்தை மடித்தார், பிரித்தார். நான் ஏதாவது சொல்வேனா என்று என் பக்கம் திரும்பிப் பார்த்தார். அந்த வருஷத்தில் இரண்டாவது முறையாக நான் வாயைத் திறக்கவில்லை.

"போன மாசம் நான் ஒண்ணு எழுதினேன்," என்றார்.

"ஆமா சார். எழுதினீங்க."

"மருந்தைக் கீழ கொட்டிட்டதா."

"ஆமா சார்."

மச்சான் அவளுடைய வலது கையைப் பார்த்தார்.

"ஊத்தியிருக்கீங்க," என்றார்.

"பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேட்கலை சார்."

"ஊத்தியிருக்கீங்கம்மா. ஒவ்வொரு தடவையும், எல்லா ஆட்டுக்கும் ஊத்தியிருக்கீங்க. நான்தான் நம்பலை."